உண்மையிலேயே கம்பி கட்டிய கதை

மலையகத்தில் முதன்முதலாக ஆகாய மார்க்கமாகப் போனவர் யார் என்று ஒரு குவிஸ் வைத்தால் முக்கால்வாசிப் பேர் தோற்றுப்போவோம். கவர்னர் கோச்சியில் வந்தார். பெரியதுரை குதிரையில் போனார். கங்காணி நடந்தார், ஆனால் குடையோடு. ஆகாயத்தில் போனது ஒரு சாக்குமூட்டை. உள்ளே பச்சைக் கொழுந்து. டிக்கெட் இல்லை, சீட் பெல்ட் இல்லை, இறங்குமிடத்தில் மாலை மரியாதையும் இல்லை. இறங்கியதும் பிரித்துக் கொட்டி வாடவைத்துவிடுவார்கள்.

அந்த மூட்டை பறந்த மலைநாட்டைப் பார்க்க வட்டகொடைப் பக்கம் வருவோம், தெரியும்தானே? தலவாக்கலைக்கும் கிரேட்வெஸ்டர்னுக்கும் நடுவில் கோச்சி மூச்சு வாங்க நிற்கும் ஸ்டேஷன். இன்று அந்தப் பாதையில் போகிற வெளிநாட்டுப் பிள்ளைகள் கோச்சி வாசலில் தொங்கிக்கொண்டே செல்ஃபி எடுக்கிறார்கள். அந்தப் படத்தில் தேயிலை மலை வோல்பேப்பர் மாதிரி தட்டையாக விழும். மலை தட்டையில்லை என்பது, படங்கைக் கட்டிக்கொண்டு விடியற்காலையில் உச்சி மலைக்கு ஏறுகிற அக்காவுக்குத் தெரியும். அவரை யாரும் டேக் பண்ணுவதில்லை.

பறித்த கொழுந்துக்குப் பொறுமை கிடையாது. சாக்கில் இறுக்கி அடைத்து வெயிலில் போட்டுவைத்தால் சூடேறிச் சிவந்துவிடும். டீமேக்கர் அதைவிடச் சிவந்துவிடுவார். ஆகவே சீக்கிரம் ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, கொண்டுபோக வேண்டும். ஸ்டோரோ கீழே, ஆற்றோரமாக இருக்கும். மெஷினைச் சுற்ற அந்தக் காலத்தில் தண்ணீர் வேண்டும், தண்ணீருக்கு மலையேறத் தெரியாது. இப்படி, கொழுந்து உச்சியில், ஸ்டோர் பள்ளத்தில், நடுவில் வளைந்து வளைந்து ஒரு ஒற்றையடிப்பாதை. துரைமார் உட்கார்ந்து யோசித்தார்கள். துரைமார் யோசித்தால் வழக்கமாக மற்றவர்களுக்குத்தான் வேலை கூடும். இந்த ஒருதடவை மூட்டைக்கு மட்டும் வேலை குறைந்தது.

உச்சியில் ஒரு கம்பம். ஸ்டோர் பக்கத்தில் ஒரு கம்பம். நடுவில் பள்ளத்தாக்குக்கு மேலாக இழுத்துக் கட்டிய உருக்குக் கம்பி. சாக்கைக் கொக்கியில் மாட்டி, கையை விட்டால் போதும். கம்பி சீறும், மூட்டை பறக்கும். எஞ்சின் இல்லை, எண்ணெய் இல்லை. இழுப்பது பூமியின் ஈர்ப்புவிசை, பில்லை நியூட்டன் பெயருக்கு அனுப்ப வேண்டியதுதான். ஸ்கொட்லாந்திலிருந்து வந்த துரைமாருக்கு இதைவிட இனிப்பான செய்தி இருக்க முடியுமா? சும்மா கிடைக்கிற சக்தி!

ஆனால் நியூட்டன் ஒருவழிப்பாதை ஆள். மேலேயிருந்து கீழே இழுப்பார், கீழேயிருந்து மேலே தள்ளமாட்டார். ஸ்டோருக்குக் கீழே இருக்கிற மலைகளில் எடுத்த கொழுந்து தலைமேல்தான் வந்தது. பறந்துபோன சாக்கு காலியானதும் திரும்ப உச்சிக்குப் போக வேண்டுமே, அது யாருடைய தோளில் போயிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? நியூட்டனுடைய தோளில் இல்லை.

இன்னொரு வேடிக்கை. மூட்டை பறப்பதற்கு முன்னால் நிறுக்க வேண்டும். கொழுந்து மடுவத்தில் தராசு தொங்கும். வரிசையாக அக்காமார் கூடையை இறக்குவார்கள். கணக்கப்பிள்ளை முள்ளைப் பார்ப்பார், பிறகு வானத்தைப் பார்ப்பார். மழை பெய்திருந்தால் கொழுந்தில் தண்ணீர் என்று கொஞ்சம் கழிப்பார். மழை பெய்யாவிட்டால் கூடைக்கு, சாக்குக்கு என்று கொஞ்சம் கழிப்பார். பூமியின் ஈர்ப்புவிசை ஒரு கிலோவை ஒரு கிலோவாகத்தான் இழுக்கும். கணக்கப்பிள்ளையின் பென்சிலுக்கு அந்த விதி செல்லாது.

சரி, இந்தக் கம்பியைக் கரண்டில் ஓட்டலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லையா? தோன்றியது. ஆனால் இங்கே இல்லை. கொஞ்சம் பிரிட்டன் வரை போய்வருவோம், விசா வேண்டாம்.

எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ஃப்ளீமிங் ஜென்கின் என்று ஒரு எஞ்சினியரிங் பேராசிரியர். கடலுக்கடியில் தந்திக் கம்பி போட்டவர்களில் ஒருவர். அதோடு விட்டாரா? வீட்டில் மேடை கட்டி நாடகம் போட்டார். 1867இல் டார்வினுடைய புத்தகத்துக்கு விமர்சனம் எழுதி டார்வினையே நகம் கடிக்க வைத்தார். பரிணாமத்தில் ஓட்டை கண்டுபிடிக்கிற அளவுக்கு ஒரு எஞ்சினியருக்கு எங்கிருந்து நேரம் கிடைத்தது என்று கேட்காதீர்கள். அவர் காலத்தில் வட்ஸ்அப் குரூப் இல்லை.

அவருடைய வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். 'இருந்தான்' என்பது ரெஜிஸ்டரில் மட்டும். கலங்கரை விளக்கம் கட்டுகிற குடும்பத்துப் பையன், எஞ்சினியராக வேண்டும் என்று அப்பா அனுப்பிவைக்க, அவன் வகுப்புப் பக்கமே தலைகாட்டவில்லை. வருஷக் கடைசியில் வந்து, வகுப்புக்கு ஒழுங்காக வந்ததாகச் சேர்ட்டிஃபிக்கட் கேட்டான். ஜென்கின் முடியாது என்றார். அப்பாவுக்குத் தெரிந்தால் மனம் நோகும் என்று கெஞ்சினான். கடைசியில் மனிதர் இளகிவிட்டார். அந்தப் பையன்தான் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன். 'புதையல் தீவு' எழுதியவர். பிற்காலத்தில் ஜென்கினுடைய வாழ்க்கை வரலாற்றை எழுதியதும் அவரேதான். பேராசிரியர்களுக்கு ஒரு டிப்ஸ்: கட் அடிக்கிற பையனை ரொம்பவும் விரட்டாதீர்கள், உங்கள் புகழ் அவன் கையில் இருக்கலாம்.

இந்த ஜென்கின்தான் கம்பத்துக்குக் கம்பம் கம்பி கட்டி, அதில் வாளிகளைத் தொங்கவிட்டு, மின்சாரத்தாலேயே ஓட்ட வேண்டும் என்று கனவு கண்டவர். டிரைவர் வேண்டாம், குதிரை வேண்டாம், ரோடும் வேண்டாம். அயர்ட்டன், பெரி என்ற இரண்டு பேராசிரியர்களையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டார். இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில், கிளைண்ட் என்ற கிராமத்தில், 1885 அக்டோபரில் அது ஓடியது. சும்மா இல்லை, பிரபு வீட்டுச் சீமாட்டி வந்து திறந்துவைத்தார். ஆனால் ஜென்கின் அங்கே இல்லை. காலில் ஒரு சின்ன ஒபரேஷன் செய்யப்போய் அதற்கு நாலு மாதம் முன்பே காலமாகிவிட்டார். கடல் கடந்து தந்தி அனுப்பிய மனிதருக்கு, ஒரு மைல் நீளமுள்ள தன் கம்பியைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

அந்த மாபெரும் மின்சார ஆகாய வண்டியில் முதலில் ஏறிய வி.ஐ.பி. யார்? களிமண். சீமெந்துத் தொழிற்சாலைக்குப் போக வேண்டிய களிமண். அங்கே மண், இங்கே கொழுந்து. மனிதன் கண்டுபிடிக்கிற சொகுசு எல்லாவற்றிலும் முதலில் சாமான்தான் உட்கார்ந்து பார்க்கிறது.

அதே 1885இல் இங்கே என்ன நடந்தது தெரியுமா? வட்டகொடையைத் தாண்டி நானுஓயா வரைக்கும் கோச்சிப் பாதை வந்து சேர்ந்தது. கோப்பி செத்துப்போய், தேயிலை தலையெடுக்கத் தொடங்கியிருந்த நேரம். கோப்பிக்காகக் கேட்ட ரயில், வந்து சேர்ந்தபோது கோப்பி இல்லை. அரசாங்கத் திட்டங்கள் நேரத்துக்கு முடியாத பாரம்பரியத்துக்கு இந்த நாட்டில் ஆழமான வேர் உண்டு.

ஐந்து வருஷம் கழித்து, 1890இல், ஒரு மளிகைக்கடைக்காரர் கப்பலில் வந்து இறங்கினார். தோமஸ் லிப்டன். வந்த வேகத்தில் ஹப்புத்தளைப் பக்கம் தம்பேதென்ன உட்பட தோட்டங்களை வாங்கித் தள்ளினார். இன்ஃப்ளுவன்ஸர் என்ற ஜாதி நம் காலத்தில் பிறந்தது என்று நினைப்பவர்கள் இவருடைய சரித்திரத்தைப் படிக்க வேண்டும். கிளாஸ்கோ தெருவில் கொழுத்த பன்றிகளை ஊர்வலம் விட்டு, இவை லிப்டன் கடைக்குப் போகின்றன என்று போர்டு வைத்தவர். ராட்சத சீஸ் கட்டிக்குள் தங்கக் காசைப் புதைத்து விற்றவர். கூட்டம் மொய்த்தது. அந்தக் காலத்தில் இன்ஸ்டாகிராம் இருந்திருந்தால் பன்றிக்கே புளூ டிக் வாங்கிக் கொடுத்திருப்பார்.

தோட்டத்திலிருந்து நேராகத் தேநீர்க் கோப்பைக்கு என்பதுதான் அவருடைய விளம்பரத்தின் சாரம். நடுவில் தரகர் இல்லை, வியாபாரி இல்லை என்று பெருமை. அதில் பாதி உண்மை. கம்பியில் கொழுந்து நேராகத்தான் வந்தது. அதைப் பறித்த கைக்கும் கோப்பைக்கும் நடுவே கங்காணி, கணக்கப்பிள்ளை, கண்டக்டர், சின்னத்துரை, பெரியதுரை, கொழும்பு ஏஜன்ட், லண்டன் டைரக்டர் என்று ஒரு படையே நின்றது விளம்பரத்துக்குள் அடங்கவில்லை. போஸ்டரில் இடம் போதாது, பாவம்.

மனிதரைக் குறைசொல்லவும் மனம் வராது. அவருக்கு ஒரே ஆசை, அமெரிக்கா கப் என்ற பாய்மரப் படகுப் போட்டியில் ஜெயிக்க வேண்டும். 1899இல் தோற்றார். 1901, 1903, 1920, 1930. மொத்தம் ஐந்து முறை, ஒவ்வொரு படகுக்கும் 'ஷாம்ரொக்' என்றே பேர் வைத்துத் தோற்றார். சென்டிமென்டை மாற்றிப் பார்க்கலாமே என்று யாரும் சொல்லவில்லைபோலும். கடைசியில் அமெரிக்கர்களுக்கே மனசு கேட்காமல், காசு சேர்த்து ஒரு தங்கக் கோப்பை செய்து கொடுத்தார்கள். தோற்பதில் அவரைப்போல் யாரும் இல்லை என்பதற்காக. தேநீர் அதற்குள் அமோகமாக விற்றுக்கொண்டிருந்தது.

இப்போது பாக்குநீரிணையைத் தாண்டி மூணாறுக்கு. அங்கேயும் தேயிலை, அங்கேயும் தமிழர், அங்கேயும் துரை. 1902இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் மோனோ ரயில் ஓடியது என்று சொன்னால் நம்புவீர்களா? ஒற்றைத் தண்டவாளம், சிங்கப்பூர் ஸ்டைல். இழுத்தது மட்டும் மாடு. மாடு கொண்டுவந்து சேர்த்த தேயிலை, டொப் ஸ்டேஷன் என்ற உச்சியில் ரோப்வேயில் ஏறி, மேகத்துக்குள் நுழைந்து, குரங்கணிப் பக்கம் கொட்டகுடியில் இறங்கி, போடிநாயக்கனூருக்குப் போனது. மோனோ ரயில், மாடு, ரோப்வே, மறுபடி மாட்டுவண்டி. இன்றைக்கு மல்டிமோடல் லொஜிஸ்டிக்ஸ் என்று எம்.பி.ஏ.யில் பாடம் நடத்துகிறார்களே, அதை அன்றைக்கே செய்து முடித்துவிட்டார்கள், மாட்டுக்குச் சேர்ட்டிஃபிக்கட் கொடுக்காமல்.

1924 ஜூலையில் வந்த பெருவெள்ளம், மோனோவுக்குப் பதிலாக வந்திருந்த சின்ன ரயிலைத் துடைத்துக்கொண்டு போனது. இன்று டொப் ஸ்டேஷனில் ஸ்டேஷன் இல்லை, டொப் மட்டும் மிச்சம். அந்த ரோப்வே ஓடிய நாளில், அதே போடிப் பக்கத்திலிருந்து ஜனங்கள் மலையேறி வேலைக்கு வந்தார்கள். எப்படி? கால்நடையாக. தலைக்கு மேல் தேயிலைப் பெட்டி ஜம்மென்று இறங்கிக்கொண்டிருக்க, கீழே பானை சட்டியோடு குடும்பம் ஏறிக்கொண்டிருந்தது. நம்முடைய முப்பாட்டன்மாரும் அப்படித்தான், மன்னாரில் இறங்கிக் காட்டுவழியாக மாத்தளை வரை நடந்தே வந்தார்கள். வழியில் விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. தேயிலைத் தூளுக்கு மட்டும் பெட்டிபெட்டியாகக் கணக்கு இருக்கிறது.

மின்சாரம் எங்கே போனது என்று கேட்கிறீர்களா? வருகிறேன். டி. ஜே. விமலசுரேந்திர என்று நம் நாட்டு எஞ்சினியர். தங்கம் இருக்கிறதா என்று பார்த்துவரச் சொல்லி களனி கங்கையின் மேல்பக்கக் காட்டுக்கு அனுப்பினார்கள். தங்கம் கிடைக்கவில்லை. ஆனால் அருவிகளைப் பார்த்தார், தண்ணீர் விழுகிற உயரத்தைப் பார்த்தார், மனசுக்குள் பல்பு எரிந்தது. நாட்டில்தான் எரியவில்லை. 1912இல் நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் நடுவே பிளாக்பூலில் ஒரு சின்ன நீர்மின் நிலையம் வைத்து நுவரெலியாவுக்கு வெளிச்சம் கொடுத்துக் காட்டினார். 1918இல் எஞ்சினியர்கள் சங்கத்தில் கட்டுரை படித்து, நாடு முழுவதற்கும் இதைச் செய்யலாம், ரயிலைக்கூடக் கரண்டில் ஓட்டலாம் என்றார். கேட்டவர்கள் தேநீர் குடித்துவிட்டுக் கலைந்தார்கள்.

மனிதர் விடவில்லை. வேலையை விட்டு அரசாங்க சபைக்கே தேர்தலில் நின்று ஜெயித்து உள்ளே போய் வாதாடினார். ஒரு டிரான்ஸ்ஃபோமருக்காக எம்.பி. ஆனவர் உலகத்தில் வேறு யாராவது உண்டா? லக்சபான மின்நிலையம் 1950இல்தான் ஓடியது. கட்டுரையிலிருந்து கரண்ட் வரை 32 வருஷம். அவர் சொன்ன மின்சார ரயில்? வட்டகொடையில் இன்றைக்கும் டீசல் புகைதான் வருகிறது.

கரண்ட் வந்ததும் நம் தலைக்கு மேல் புதிதாகக் கம்பி வந்தது. பெரிய பெரிய இரும்புக் கோபுரங்கள், தேயிலைச் செடிக்கு நடுவில் காலை அகட்டி நின்றன. இதில் கொக்கியும் இல்லை, சாக்கும் இல்லை, போனது மின்சாரமே. மஸ்கெலியா தண்ணீரும் காசல்றீ தண்ணீரும் கரண்டாகி, லயத்துக் கூரைக்கு மேலாகக் கொழும்புக்குப் பறந்தது. லயத்துக்குள் குப்பிலாம்பு. எக்ஸ்பிரஸ் வண்டி சின்ன ஸ்டேஷனில் நிற்காது என்பது ரயில்வே சட்டம். கரண்டும் அதே சட்டத்தைப் பல வருஷம் கடைப்பிடித்தது.

2012இல் வட்டகொடைக்குப் பக்கத்திலேயே, தலவாக்கலையில் அணை கட்டி மேல் கொத்மலைத் திட்டம், 150 மெகாவொட். சென்கிளேயர் அருவியின் தண்ணீர் சுரங்கத்துக்குள் போனது. சுற்றுலாப் பயணிகள் ஏமாறக் கூடாதென்று அருவிக்கு இப்போது அளந்துதான் தண்ணீர் விடுகிறார்கள். ஒரு அருவிக்கு ரேஷன் கார்டு கொடுத்த பெருமை நமக்கு.

மனிதர்கள் கரண்டில் ஓடுகிற கம்பியில் தொங்கிக்கொண்டு போவதைப் பார்க்க வேண்டுமென்றால் பழனிக்குப் போக வேண்டும். நம் ஜனம் யாத்திரை போகிற இடம்தானே. 1966இல் இழுவை ரயில், 2004இல் ரோப் கார். அண்ணனோடு மாம்பழப் பந்தயத்தில் தோற்று, உலகத்தையே மயிலில் சுற்றியவர் கோபித்துக்கொண்டு வந்து உட்கார்ந்த மலை அது. யாரும் தொந்தரவு செய்யக் கூடாதென்று உச்சியைத் தேர்ந்தெடுத்தார். மூன்றே நிமிஷத்தில் போய் நின்று, எக்ஸாம் பாஸாக வேண்டும், விசா கிடைக்க வேண்டும் என்று ஆரம்பித்துவிடுகிறோம்.

கரூர்ப் பக்கம் அய்யர்மலையிலும் 2024இல் ரோப் கார் திறந்தார்கள். ஆயிரத்துக்கு மேல் படி, இனி கவலையில்லை என்று ஊரே சந்தோஷப்பட்டது. திறந்த மறுநாளே காற்றடித்து நடுவானத்தில் நின்றுபோனது, பக்தர்கள் அந்தரத்தில். இறைவனை இவ்வளவு ஆத்மார்த்தமாக அவர்கள் அதற்கு முன் கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.

இப்போது நம் பக்கமும் கேபிள் கார் ஜுரம். கம்பளை அம்புலுவாவ மலைக்கு வேலை தொடங்கினார்கள். நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கு என்று ஒரு பேச்சு, ஆட்சிக்கு ஆட்சி உயிர்பெற்று எழும். படத்தில் பார்த்தால் அழகாகத்தான் இருக்கிறது. கண்ணாடிக் கூண்டு, உள்ளே கூலிங்கிளாஸ், கீழே பச்சை. பச்சைக்குள் புள்ளி புள்ளியாகத் தெரிவது கொழுந்தெடுக்கிற பெண்கள். 2024இல் நிர்ணயித்த அவர்களுடைய நாட்சம்பளம் 1,350 ரூபாய். டிக்கெட் விலை என்னவாக இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை, புள்ளிகள் ஊகித்துவிடும்.

பொலிவியாவின் லா பாஸ் நகரத்தில் இப்படி இல்லை. 3,600 மீட்டர் உயரத்தில் இருக்கிற நகரம். 2014 முதல் அங்கே கேபிள் கார்தான் பஸ். பத்து லைன். உருளைக்கிழங்கு மூட்டையோடு சந்தைக்காரி ஏறுகிறாள், யூனிஃபோமோடு பிள்ளைகள் ஏறுகிறார்கள். உலகத்தில் சாதாரண ஜனமும் மூட்டையும் ஒரே கூண்டில் போகிறார்கள் என்ற செய்தி நம் மேல் டிவிஷனுக்கு இன்னும் எட்டவில்லை. மேல் டிவிஷனில் ஒரு கர்ப்பிணிக்கு வலி எடுத்தால் கம்பளியில் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடுகிற கதைதான் அடிக்கடி காதில் விழுகிறது.

எஞ்சினியர்கள் சொல்கிற ஒரு விஷயம் என்னைத் தூங்கவிடவில்லை. இரட்டைக் கம்பி ரோப்வேயில் பாரம் கீழே இறங்கினால், அந்த இழுப்பிலேயே மறுபக்கம் காலிக் கூண்டு தானாக மேலே ஏறும். பாரம் கூடுதலாக இருந்தால் மோட்டார் இழுக்கத் தேவையில்லை, தலைகீழாக மின்சாரமே தரும். அப்படியானால் நூற்றைம்பது வருஷமாக இறங்கிய கொழுந்து, எடுத்தவர்களை ஏற்றிக்கொண்டு போயிருக்கலாம், போகிற போக்கில் லயத்துக்கு ஒரு பல்பும் எரித்திருக்கலாம். தோட்டத்தில் கொழுந்துக்குக் கணக்கு, சாக்குக்குக் கணக்கு, மழைத்துளிக்குக்கூடக் கணக்கு. இந்த ஒரு கணக்கை மட்டும் யாரும் போட்டுப் பார்க்கவில்லை.

யாராவது கேட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும்? பதில் எனக்கு நன்றாகக் காதில் விழுகிறது. காலைப் பெரட்டில் ஒரு அக்கா மெதுவாக வாயைத் திறக்கிறார்.

"ஐயா, மேல போற கூண்டு காலியாத்தானே போகுது. நாங்க ஏறிக்கிறோமே?"

கணக்கப்பிள்ளை, பேர் போட்டு நாட்சம்பளம் பதிகிற செக்ரோலிலிருந்து தலையைத் தூக்காமலே சொல்கிறார்:

"ஏறிக்கம்மா. நடக்காத நேரத்துக்கு அரைப் பேர் கழிச்சிருவேன்."